ஒன்பது பதினேழு

பாடாங் செராயில் கடைத்தெரு இரண்டே வரிசை.
மின்சாமான் கடைத் தவுக்கே
கண்ணாடி மேசைமேல் இரண்டு அட்டை வைக்கிறார்.
ஒன்று பதினாறு வெள்ளி. நாலு பேட்டரி, தீர்ந்தால் குப்பை.
இன்னொன்று அறுபத்தெட்டு. அதிலும் நாலுதான். சார்ஜர் தனி.
"இது ஒரு வாட்டி சாகும், அது ஆயிரம் வாட்டி சாகும்,
நீயே யோசி லா" என்கிறார்
விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள்.
நீங்கள் கல்யாணத்தில் பிளாஷ் பிடித்தவர் இல்லை.

புது அல்கலைன், முதல் நாற்பது படம் வரை,
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி:
கூப்பிடுமுன் வந்து நிற்கும்.
பிறகு அந்தச் சன்னமான ஊளை நீளும்.
சிவப்புப் பொட்டு எரிய
இரண்டு நொடி, நாலு நொடி, ஒன்பது.
ஒன்பது நொடியில் ஓர் அத்தை
சிரித்து, சிரித்ததை மடித்து முந்தானையில் வைத்து,
பந்திக்கே போய்விடுவாள்.

சார்ஜ் ஏற்றுகிறதற்கு வோல்ட் கொஞ்சம் குறைவு.
ஆனாலும் கேட்டதும் கொடுக்கும், முகம் சுளிக்காது,
நிற்கும்போது மட்டும் சொல்லாமல் நிற்கும்.
முந்தின இரவே நினைத்துச் சுவரில் செருகவேண்டும்.
இடி இடித்தால் எங்கள் லைனில் கரண்ட் போகும்.
மறதிக்காரிக்கு அது ஒத்துவராத சம்பந்தம்.
நான் மறதிக்காரி.

தை மாதம், செம்பனை லாரி போகும் சாலையோரம்
தோட்டத்து மண்டபத்தில் யோகமலருக்குக் கல்யாணம்.
பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய எட்டும்
பெண் அழைப்பு, மாலை, குடும்பம் குடும்பமாய்ப் படம் என்று
தீர்ந்தே போயின.
தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு மூன்றாம் வரிசையில் வருகிறது.
பிளாஷைத் திறந்து கவிழ்த்தேன்:
உள்ளங்கையில் நாலு அவித்த முட்டைச் சூடு.

ஓடினேன்.
ஒலிபெருக்கிக்காரர் கை மைக்கில் இரண்டு
(மேனேஜரை வரவேற்றுக்கொண்டிருந்தவர்
"மாண்பு" என்றதோடு ஊமையானார்).
ஹேமநாத்தின் ரேஸ் காரில் ஒன்று.
பட்டுச்சேலையோடு நாற்காலி ஏறி
மண்டபத்துக் கடிகாரத்தில் ஒன்று.

பழசும் புதுசும் கலக்காதே என்று
மூன்று மொழியில் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.
மூன்று கம்பெனி, மூன்று வயசு,
ஒரே அறையில் தள்ளி மூடினேன்.
ஊளை. ஊளை. கெட்டிமேளம். ஊளை.
பொட்டு எரிந்தது.
ஒரே ஒரு வெளிச்சம்.

விழுந்துவிட்டது.
மாறனின் விரல், மஞ்சள் கயிறு,
தலை குனியவேண்டிய யோகமலர் நிமிர்ந்து சிரிக்கிறாள்,
ஓரத்தில் வாய் முழுக்கத் திறந்து
ஓடாத காரோடு ஹேமநாத்.
ஆல்பத்தில் அந்த ஓரத்தை வெட்டச் சொன்னார்கள்.
வெட்டவில்லை.

மைக்குக்கும் காருக்கும் திருப்பிக் கொடுத்தேன்,
குற்றுயிராய்த்தான்.
கடிகாரத்தினுடையது
என் பையின் பக்க அறையில் தங்கிவிட்டது.
அதன்பிறகு அங்கே மூன்று கல்யாணம்,
ஒரு காதுகுத்து.
எல்லாமே ஒன்பது பதினேழுக்கு.
கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.
நல்ல நேரம் அப்படியே நிற்கட்டும் என்றிருப்பார்களோ.

"என்ன, எது?" தவுக்கே விரலால் மேசையைத் தட்டுகிறார்.

பிளாஷுக்கு அந்த ஆயிரம் வாட்டி சாகிறது, இரண்டு அட்டை.
இன்றே நகப்பூச்சால் நம்பர் போட்டு
ஜோடி பிரியாமல் வைக்கவேண்டும்.
ஒருவாட்டிப் பேட்டரி ஒன்றே ஒன்று:
கடிகாரம் சொட்டுச் சொட்டாய்க் குடிக்கிற ஆள்,
அதற்கு அவசரம் கிடையாது.

"ஒன்று தனியா விக்கிறதில்லை. நாலு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
கடிகாரம், மைக்குக்கு இரண்டு, ஹேமநாத்.
"சரி, அதையும் போடுங்க."
சார்ஜர் வாங்க மறந்து
பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தேன்.