மூன்றாம் தட்டு

தார்த்து நகரத்து மாணவர் விடுதியில்
பொதுக் குளிர்பெட்டியின் மூன்றாம் தட்டு
எனக்கென்று காட்டினார் காப்பாளர் மார்யு.
அதில் முன்பே ஒட்டியிருந்தது
ஒரு பெயர்: க்வாபெனா.

படித்து முடித்துவிட்டாரா என்றேன்.
தோளைக் குலுக்கினார்.
இந்த ஊரில் அது ஒரு முழு வாக்கியம்.

வங்கி என் பெயரை மூன்று விதமாக எழுதியது,
பேராசிரியர் நான்காவது விதமாக அழைத்தார்.
நொமூன், நோமன், நூமின்,
எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தேன்.
பகலெல்லாம் சதுப்புமண்ணைச் சீவிச் சீவி
மகரந்தம் எண்ணுவேன்.
இரவில், உலான்பாத்தரிலிருந்து வந்த
உலர்தயிர்க் கட்டிகளை
க்வாபெனாவின் பெயரிலிருந்து எடுத்துத் தின்பேன்.

பிப்ரவரியில் அவருக்கு ஒரு கடிதம்:
திருப்பாத நூலகப் புத்தகம்,
அபராதம் பதினோரு யூரோ.
என் கணக்கில் அன்று பத்தொன்பது.
கட்டினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

பிறகுதான் அந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினேன்.
அடியில் இன்னொன்று: தமீலா.
அதற்கடியில், பாதி கிழிந்து, "...ஹாவ்".
அதற்கும் கீழே
வெறும் பசைத் தடம்.

சதுப்பில் இத்தனை படிய
நூற்றாண்டுகள் வேண்டும்.

என் வசிப்பு அனுமதி ஆகஸ்டு வரை.
பென்சிலால் எழுதினேன், சின்னதாக,
க்வாபெனா மறையாதபடி.