பல கை

பலகை என்று எழுத வேண்டிய இடத்தில்
பல கை என்று விழுந்தால்
மரம் போய் மனிதர் வருவார்கள். அவ்வளவுதான்.
ரன்வா தட்டிய இடைவெளி அப்படிப்பட்டதல்ல.

பழைய பதிவேடுகளை மட்டும் அழிக்கச் சொன்ன வரியில்
சாய்கோட்டுக்குப் பின்னால்
கட்டைவிரல் ஒருமுறை கூடுதலாக உட்கார்ந்துவிட்டது.
மூன்று விநாடி. நான்கும் இருக்கலாம்.
நிறுத்து என்று விசையை அமுக்குவதற்குள்
நூலகம் முழுக்கப் போயிருந்தது.
நூலகம் என்றுதான் அதைச் சொல்கிறார்கள்;
அதில் நாம் படிக்க ஒன்றுமில்லை,
அது இல்லாமல் எதையும் திறக்கவும் முடியாது.

கிளாக்ஸ்விக் துறைமுகம், நவம்பர், இரவு பத்தே கால்.
கண்ணாடியில் உப்பும் மழையும்.
விரிகுடாவில் ஆறு வலைக்கூண்டுகள்,
கூண்டுக்கு அறுபதாயிரம் சால்மன்,
அவற்றுக்கு மூச்சு ஊதும் நிரல்
இந்தக் கணினியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆம், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.
வீடு இடிந்த செய்தி
அதற்கு எட்டவில்லை.
நினைவகத்தில் பிடித்ததைப் பிடித்தபடி
பத்து விநாடிக்கு ஒருமுறை
ஆக்சிஜன் எட்டுப் புள்ளி ஒன்று என்கிறது.
அணைத்தால் திரும்ப எழாது.

கோப்புகளைக் காட்டு என்றாள்: அப்படி ஒன்றுமில்லை.
நகலெடு: அப்படி ஒன்றுமில்லை.
கட்டளைகள் பெயரோடு வரிசையாகக் கிடந்தன
மெய்யெழுத்துகளாக,
ஏறி உட்கார ஓர் உயிரும் இல்லாமல்.

மிஞ்சியது ஓட்டுக்குள்ளேயே பிறந்த நாலைந்து சொற்கள்.
அவற்றில் ஒன்று, கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது மட்டும்.
நட்சத்திரக் குறியைச் சொல் என்றாள்.
அடைவிலிருந்த பெயர்களையெல்லாம்
ஒரே மூச்சில் ஒப்பித்தது.
அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

ஸ்வினோய் தீவின் பொரிப்பகத்தில்
இதே கணினிக்கு ஓர் இரட்டை, ஒரே நாளில் வாங்கியது.
படகு ஓடவில்லை. ஹானுஸை எழுப்பினாள்.
தோளில் பல் முளைக்கும் குழந்தையோடு வந்தான்.
வட்டில் ஏதோ கோளாறு, என்றாள்.
அணைக்கவில்லையே?
இல்லை.
அணைக்காதே.

முந்நூறு கருவிகளை மடித்து வைத்த ஒரு சிறு கருவியை
அவன் எண்களாக உடைத்துக் கடல் தாண்டி அனுப்ப,
இவள் ஓடு ஒவ்வொன்றாகப் பிடித்து எழுதியது.
முதல் தடவை ஓர் எண் குறைந்தது.
இரண்டாம் தடவை காற்றில் இணைப்பு அறுந்தது;
குழந்தையின் அழுகை பாதியில் நின்றுபோய்
அறை சட்டென்று பெரிதாயிற்று.
மூன்றாம் தடவை முழுசாக வந்தது.
இயங்க அதற்கு அனுமதி இல்லை.
அனுமதி கொடுக்கும் கட்டளையும் செத்தவற்றுள் ஒன்று.

ஹானுஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, யாரும் கூப்பிடாத ஒன்றின் உடம்பு வேண்டும், என்றான்.
நாட்காட்டி, என்றாள்.
மாதத்தைக் கட்டம் கட்டிக் காட்டும் கட்டளை;
செத்தாலும் அதன் அனுமதி அழியவில்லை.
அதன் பெயருக்குள் இதைக் கொட்டினாள்.
கூடு விட்டுக் கூடு.
நாட்காட்டியைக் கூப்பிட்டாள்.
கோப்புகளின் பட்டியல் வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சுமைகூலி வேலை:
நூலகம், அடுக்கடுக்காக, மூன்று மணி வரை.
மீன்களுக்கு ஒன்றும் தெரியாது.
எட்டுப் புள்ளி ஒன்று, எட்டுப் புள்ளி சுழி, எட்டுப் புள்ளி ஒன்று.

கடைசியாகச் சரிபார்க்க ஹானுஸ் உள்ளே வந்தான்.
இவள் திரை அவன் திரையில்.
சுட்டி மேலே போயிற்று, இன்னும் மேலே,
பத்தே கால் மணியின் அந்த வரிவரை போய்
நின்றது.
ரன்வா காப்பிக் கோப்பையைக் கழுவ எழுந்தாள்.
திரும்பியபோது அவன் போயிருந்தான்.
ஒரு செய்தி இருந்தது, வெற்றாக.
வெற்றா என்று எண்ணிப் பார்த்தாள்:
ஓர் எழுத்து. இடைவெளி.

சிரித்தாளா என்று பதிவேட்டில் இல்லை.
அழிக்கப் போன பழைய பதிவேடுகள்
ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.
வட்டு தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பியிருந்தது.
இருக்கட்டும் இன்றைக்கு.