மூடி கழற்றாத பதினொன்று

மாங்குளம் சந்தியில் இரவு ஒன்றரை.
கொழும்பு பஸ்கள் நின்று மூச்சு வாங்கும் நேரம்.
நகுலேஸ் கடையில் தகட்டின் மேல் இரும்பு விழுகிறது,
ரொட்டி கொத்துப்படுகிறது.

பிளாஷ் இல்லையோ என்றான்.
தேவையில்லை என்றேன். இந்த லென்சுக்கு அகல வாய்,
ஒன்று தசம் நான்குக்குத் திறந்துவிட்டால்
ஒரு ரியூப்லைற்றே ஊருக்குக் காணும்.
அந்தப் பெருமைக்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

லென்சுக்குள்ளால் பார்க்கிற கமரா இல்லை இது.
லென்ஸ் ஒரு பக்கம் பார்க்க
கண் பக்கத்துச் சன்னலால் பார்க்கும்.
கண்ணுக்கு எல்லாமே துலக்கம்:
வாழைக்குலை, சோடாப் போத்தல்,
ஏ-ஒன்பதில் போகிற லொறியின் பின்விளக்கு வரைக்கும்.
லென்ஸ் பிடிப்பதோ ஓர் இமையின் தடிப்பு.
மூக்குத் துலங்கினால் காது போய்விடும்.

நடுவில் வெளிறிய மஞ்சள் கட்டம்.
அதற்குள் மட்டும் ஆளுக்கு ஓர் ஆவி.
வளையத்தைத் திருகத் திருக
ஆவி நகர்ந்து வந்து ஆளுக்குள் ஏறும்.
ஏறின கணம் அமத்த வேண்டும்.
முப்பதில் ஒரு செக்கன்.
நகுலேசோ கையை நிறுத்தமாட்டான்.
"சேந்திட்டுதோ?" என்பான் ஒவ்வொரு தரமும்.
சேந்தது என்பேன்.
கமரா தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காசுமேசையிலிருந்து சுகிர்தா எழும்பி வந்தாள்.
தாங்கோ ஒருக்கா.
கண்ணை வைத்துத் தமையனைப் பார்த்தாள்.
"ரெண்டு பேர் நிக்கினம்."
வளையத்தைத் திருப்பும், ஒண்டாவினம் என்றேன்.
திருப்பினாள். ஒன்றானார்கள்.
பிறகு பின்னுக்குத் திருப்பினாள்.
ஒரு கொத்து முடிந்து அடுத்த கொத்து தொடங்கியது.

அவளுடைய மேசைக்கு மேலே ஒரு படம்:
நகுலேசின் அதே தாடை, அதே சுழி,
வயது மட்டும் பத்தொன்பதோடு நின்றுவிட்டது.
மாலை இல்லை. மாலை போட அந்த வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

"இப்பிடியே இருக்கட்டும்," கமராவோடு ஒட்டிய முகத்தால் சொன்னாள்,
"கொஞ்ச நேரம்."

பஸ் ஹோன் அடித்தது.
யாருக்கோ மிச்சக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.
கமராவைத் துடைத்து, மேசையில் கிடந்த மூடியைப் போட்டு,
பக்குவமாய்க் கையில் தந்துவிட்டுப் போனாள்.

நான் பார்க்கவில்லை.
சன்னல் முழுவதையும் காட்டிக்கொண்டிருந்தது:
கொத்தின் ஆவி, அவளுடைய கை, அண்ணனும் தங்கையும்
ஏதோ சொல்லிச் சிரித்த அந்த ஒரு தரம்.
பதினொரு தரம் வளையம் திருகி,
பதினொரு தரம் மூச்சை அடக்கி,
கண்மூடிக் கிடந்த லென்சால் எடுத்தேன்.

கழுவ இங்கே இடமில்லை.
றோல் நாலு நாள் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கிடந்து
சாரதி ஒருவரின் சோற்றுப் பையோடு கொழும்பு போனது.
மூன்று கிழமையில் திரும்பி வந்தது.

முதல் படங்களில் ரியூப்லைற் தன் குணத்தைக் காட்டியிருந்தது.
இரணைமடுவின் அடியில் நின்று கொத்துப் போடுகிறவன் மாதிரி
நகுலேஸ் முழுக்கப் பச்சை.
பின்னால் ஒரு லொறியின் சிவப்புத்தான்
கண்டபடி வந்திருந்தது, கலங்கலாக.

கடைசிப் பதினொன்றையும் கடைக்காரன் அச்சடிக்கவே இல்லை.
சுருளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
இருட்டாய் இருக்கும் என்று நினைத்தேன்;
இருட்டில்லை. செம்மஞ்சள்.
முதல் மழைக்கு முந்தின மல்லாவி றோட்டுக் கிரவல்.

சுகிர்தா வாங்கி ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.
இது ஆர்?
நீர்.
இது?
நீங்கள் ரெண்டு பேரும்.
இதில?
அந்தக் கட்டத்தில் யார் இருந்தார்கள் என்று
எனக்கு ஞாபகமில்லை.
அவள் அதைத்தான் கனநேரம் வைத்திருந்தாள்.

"வாங்கோ, திரும்ப எடுப்பம்," நகுலேஸ் கையை உதறினான்.
"இந்தமுறை மூடி என்ரை பொக்கற்றுக்குள்ள."
கழற்றிப் போட்டான், வெங்காயக் கையோடு.

இன்னும் தரவில்லை.
கேட்டால், தகட்டைத் தட்டிக்கொண்டே,
சேந்திட்டுதோ என்கிறான்.