உடைப்புக் கூலி

செங்கல், ஒன்பதாயிரம்.
தடாகத்தில் மூடிய சூளையொன்றில் மிச்சம் நின்றவை.
கல்லுக்கு ஒன்பது சொன்னார்கள், ஏழுக்கு முடித்தோம்.
லாரியிலிருந்து இறக்கும்போது
மருதி ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தாள்.
பச்சையில் பதிந்து அப்படியே வெந்துபோன
நாய்க் காலடி.
"எங்க களத்துக் கல்லு" என்றாள்.
அந்த நாய் எந்தப் பக்கம் நொண்டும் என்றும் சொன்னாள்.
ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று
முன்பணத்தில் கழித்துக் கூலி வாங்கியவள்,
அதே கல்லுக்குக் காசோலையில்
சங்கத் தலைவியாகக் கையெழுத்துப் போட்டாள்.
பொருளாளர் என்ற இடத்தில் நான்.
அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத
ரொக்கப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

வரைபடம், முதல் படி.
பெருந்துறையிலிருந்து வந்த பொறியாளர் கார்வேந்தன்
மூன்றடி உயரத்தில் மேடை போட்டிருந்தார்.
திரை, ஒப்பனை அறை,
முன்வரிசையில் சோபாவுக்கு இடம்.
"ஆடறவங்க மேல, பாக்கறவங்க கீழ" என்று விரலால் காட்டினார்.
"எங்க ஆட்டத்துல பாக்கறவங்கன்னு
தனியா ஆளில்லீங்க" என்றான் குருந்தன்.
"செரி, முன்பக்கம் எதுங்க?"
குருந்தன் நின்ற இடத்திலேயே
ஒருமுறை சுற்றி வந்து நின்றான்.
பொறியாளர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கொஞ்ச நேரம் கம்முனு இருந்தார்.
பிறகு அழிரப்பர் கேட்டார்.

வரைபடம், இரண்டாம் படி: வட்டம்.
குறுக்களவு நாற்பதடி.

அஸ்திவாரம், இரண்டு முறை.
தோண்டிய மூன்றாம் இரவு
யானைகள் வந்து குழியோரம் நின்று
திரும்பிப் போயிருந்தன. லத்தி மட்டும் மூன்று இடத்தில்.
எட்டடி மேற்கே தள்ளினோம்.
வீண் செலவு பதினோராயிரத்து நானூறு.

மின்சாரம்.
பிளக் பாயிண்ட் பதினான்கு என்று எழுதியிருந்தது.
இருபத்திரண்டு வேண்டும் என்று யுவராணி சண்டை போட்டாள்.
அவளுக்கு ஒலிப்பதிவு அறை வேண்டும்,
கணினி வேண்டும்,
கொகல் ஊதினால் நாய் குரைப்பு கலக்கக் கூடாது.
நாமக்கல் முட்டை அட்டை நானூறு, இலவசம்,
நாலு சுவரிலும் ஒட்டினோம்.
நாயை நிறுத்திவிட்டோம்.
சில்வண்டு இன்னும் உள்ளே வருகிறது.
அது இருக்கட்டும் என்று
இப்போது அவளே சொல்கிறாள்.

தரை.
சிமெண்ட் நூற்றுப் பத்து மூட்டை,
பாலிஷ் போட ஆனைகட்டி ஆட்கள் இருவர், ஐந்து நாள்.
முகம் பார்க்கலாம் போல ஆனது.
ஈச்சம்பதிப் பிள்ளைகள்
கால்சட்டை தேயச் சறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஐப்பசி, அடைமழை. முதல் ஒத்திகை.
குருந்தன் பொறையை இடுப்பில் கட்டி அடித்தான்.
தொப்.
நனைந்த சாக்கைத் தட்டினாற்போல.
தோலைக் காய்ச்சணும்.
சுள்ளி இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது,
நெருப்பு வைக்க இடமில்லை.
வெளியே மழை. உள்ளே கண்ணாடித் தரை.
ஓராண்டு கூட்டம் போட்டோம்,
தேநீர்ச் செலவே நாலாயிரத்தைத் தாண்டியது,
அதில் ஒருவருக்கும், எனக்கும்தான்,
தீ நினைவுக்கு வரவில்லை.

துடியலூரிலிருந்து உடைக்கும் மெஷின், ஒரு நாள் வாடகை.
ஆள் கூலி இரண்டு.
நட்ட நடுவில் மூன்றடி வட்டம்.
பாலிஷ் போட்டவர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
நாய்க் காலடிக் கல்லைக் கொண்டுவந்து
மருதி குழிக்கு விளிம்பாகப் பதித்தாள்.
கூலி கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

தணிக்கைக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.
"கட்டுனதை ஏனுங்க உடைச்சீங்க?"
யாரும் பதில் சொல்லவில்லை.
குருந்தன் தொய்ந்த பொறையை ஒரு தட்டுத் தட்டினான்.
சுள்ளி மூட்டினான். காய்ச்சினான்.
மறுபடி தட்டினான்.
மேசைமேல் இருந்த என் பேனா உருண்டது.
அவர் காதைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு வவுச்சர் இருக்குங்களா?"
இருந்தது.
முத்திரை குத்தினார்.

நிலுவை.
சன்னலுக்குக் கம்பி இரண்டு.
பெயர்ப்பலகை: எந்த எழுத்து முதலில் என்று
இன்னும் சமாதானமாகவில்லை.
கழிப்பறை மோட்டார்.
அப்புறம், கண்ணைக் கசக்கிக்கொண்டு
எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகு தெரிந்தது:
கூரையில் புகை போக வழி வைக்கவில்லை.
அடுத்த மாதக் கணக்கில் வரும்.