வெறும் முதுகு

மாசிப் பனி முடிகிற கிழமையில்
சாம்பலியின் முதுகு தெரிந்தது.
இறகு மாற்றுகிற காலம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆனால் கூட்டுக்குள் குனிந்து தேடினால்
ஓர் இறகும் இல்லை.
தானாய் உதிர்ந்தால் நிலத்தில் கிடக்கும்.
கிடக்கவில்லையென்றால்
ஆரோ தின்கிறார்கள்.

நீர்வேலியில் கோழிக்கு வைத்தியம் தெரியாதவர் இல்லை.
வாழைக்குலை ஏற்ற வந்த வில்வராசா
சொண்டு நுனியை நகவெட்டியால் நறுக்கு என்றார்.
பால் கொண்டுவருகிற மங்களேஸ்வரி
"கொத்துறதைப் பிடிச்சுச் சட்டிக்குள்ளை போடு" என்று
போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.
கால்நடை வைத்திய நிலையத்தில்
இளம் டொக்டர் பிள்ளை மட்டும் கேட்டாள்:
"எத்தினை கோழி, அன்ரி?"
பன்னிரண்டு.
"கூடு?"
கையை விரித்துக் காட்டினேன்.
என் இரண்டு கைகளுக்கும் நடுவில்
அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதா மருந்து தந்தாள்.
சிவப்பு மறையவேணும், சிவப்பைக் கண்டால் எல்லாம் வந்து கொத்தும்.
நெத்தலித் தலை போடலாம், கறையான் இன்னும் நல்லது.
அகத்திக் கொத்தை
எட்டியும் எட்டாமலும் கட்டவேணும்.
"வாய்க்கு ஏதும் வேலை இருக்கவேணும் அன்ரி,
இல்லாட்டி பக்கத்திலை நிக்கிறதுதான் வேலை."

அன்று பின்னேரம்
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினேன்.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
சந்தேகம் கறுத்தையில். அவளுக்குக் குரல் பெரிது.
நாலு நாள் கரப்புக்குள் அடைத்தேன்.
அந்த நாலு நாளில் சாம்பலியின் முதுகு
நகமளவிலிருந்து வெற்றிலையளவானது.

ஐந்தாம் நாள் கண்டேன்:
செம்பி.
என் மடியில் ஏறி அரிசி பொறுக்குகிறவள்.
சண்டையில்லை, சத்தமில்லை,
நரைமயிர் பார்த்துப் பிடுங்குவதுபோல
ஒவ்வொன்றாய்.
சாம்பலி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கூடு அந்த மூலைக்குப் போனது மார்கழியில்,
நில அளவைக்காரர் வளவை இரண்டாக்கி
கல்லுப் போட்டுப் போன பிறகு.
மாமரம் தங்கச்சி பக்கம். நிழலும்.
கிணற்று வாய்க்கு மேலால் மதில் போகிறது;
இரண்டு கப்பி, ஒரே தண்ணீர்.
பன்னிரண்டும் கக்கூசுக்குப் பின்னால் ஒதுங்கின.
அன்றிலிருந்து கௌசலாவோடு கதையில்லை.
கௌசலாவைப் பற்றித்தான் கதை.
வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஒவ்வொன்று.
பொய் ஒன்றுமில்லை,
எல்லாம் சின்னச் சின்னது.
இன்னொன்று இருக்குமோ என்று
அவர்களும் படலையடியில் நின்று பார்த்தார்கள்.

பங்குனி வெயில் தகரத்தில் ஏறிய நாள்
ஐந்து கோழியைக் காலில் கட்டிக்
கடகத்தில் வைத்து
மதிலுக்கு மேலால் நீட்டினேன்.
"வளக்க விருப்பமெண்டால்."
மறுபக்கத்தில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.
கை இலேசானது.
கடகம் இன்னும் திரும்பி வரவில்லை.

சாம்பலிக்குக் குருத்திறகு வருகிறது,
ஊதா முதுகில் ஊசிமுனைகள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் இரத்தம்.
கிட்டப் போனால் கழுத்தைத் திருப்பி முறைக்கிறாள்.
முறைக்கட்டும்.

செம்பி எந்தப் பக்கம் போனாள் என்று
உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் விடிய, கிணற்றடியில்
மதிலுக்கு அந்தப் பக்கத்தால் குரல்:
"இதிலை ஒண்டு செட்டை பிடுங்குது.
தெரிஞ்சுதான் தந்தனியோ?"
ஓம், என்றேன்.
கப்பி கிறீச்சிட்டது. அவளுடையதா என்னுடையதா தெரியாது.
அகத்தி கட்டு, என்றேன்.

கனநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"எவ்வளவு உயரத்திலை?"