பெயர் வேண்டாம்

பாய லேபார், பதினோராம் மாடி.
பெயர் எழுத வேண்டாம் என்றது படிவம்.
பிரிவைக் கேட்டது. சேர்ந்த ஆண்டைக் கேட்டது.
வீட்டில் பேசும் மொழியையும்.

கிடங்குக் கணக்கில் நாங்கள் மூவர்:
ஹுய் வென், நோரைனி, நான்.

தலைமையை நம்புகிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்து.
இரண்டில் நின்ற அம்புக்குறி
வாடகையை நினைத்து
நான்குக்கு நகர்ந்தது.
நோரைனியும் நான்குதானாம்.

ஹுய் வென் ஒன்று போட்டிருந்தாள்.
கீழ்த்தளக் கோப்பிக் கடையில் சொன்னாள்,
சீனி வேண்டாம் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை
திரு. குவெக் திரையில் காட்டினார்:
நம் குடும்பத்தில்
எண்பத்தேழு விழுக்காடு மகிழ்ச்சி.
கைதட்டினோம்.

மீதி விழுக்காட்டின் நாற்காலியைத்
திங்களன்று தள்ளிக்கொண்டு போனார்கள்.
ஒரு சக்கரம் மட்டும்
கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

மின்தூக்கிக் கதவை
நான்தான் பிடித்துக்கொண்டேன்.