நூறு புள்ளி எழுபத்திரண்டு

வேலந்தாவளம் எடைமேடை. இரவு பத்தே முக்கால்.
கண்ணாடிக் கூண்டுக்குள் ரூட்டருக்கு மூன்று பச்சைக் கண்.
தக்காளி லாரி ஏறி நிற்கப் பலகை நடுங்கி
பதினோராயிரத்து நானூற்று இருபதில் அடங்குகிறது.
பலகை ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை.
யாருடையதென்று நான் கேட்கவில்லை,
என் வேலை அது அல்ல.

கேமராவுக்கு எல்லாம் தெரிகிறது.
சார்ஜாவிலிருக்கும் முதலாளி சிவதாசனுக்கு மட்டும்
மூன்று நாளாக
ஒரு வட்டம் சுற்றுவதுதான் தெரிகிறது.

"ரூட்டரை மாத்திப்போடலாமுங்களா?"
சீட்டுக் கிழித்துக்கொண்டே பொங்கியண்ணன்.
பொறுங்க,
பேர் மாற்றுவதில் இது எந்த ரகமென்று பார்க்கிறேன்.

ஒரே போர்ட்டில் நின்று
இரண்டு ஊர்ச் சர்வர்களைக் கேட்பது முறை:
உன் கண்ணுக்கு நான் யார்? என்ன எண்?

இருவரும் ஒரே எண் சொன்னால், பாதி நிம்மதி.
அப்புறம் நான் பேசியேயிராத ஒருவனைவிட்டுத்
தட்டச் சொல்வேன்.
வந்துவிட்டானென்றால்
கதவைத் திறந்துபோட்டுக் குளிக்கப்போன வீடு.
வராவிட்டால், பேசியவனையே
வேறு சன்னலிலிருந்து கூப்பிடச் சொல்வேன்.
அதற்குத் திறந்தால் ஆளைப் பார்க்கிற வீடு.
அதற்கும் திறக்காவிட்டால்
ஆள் போதாது, அதே சன்னலும் வேண்டும் என்கிற வீடு.

இன்று அவ்வளவு தூரம் போகவே இல்லை.
மும்பை சொன்னது: நாற்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
சிங்கப்பூர் சொன்னது: ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம்.
ஆளுக்கொரு பேர் சொல்லிப் பிழைக்கிற ரகம்.
ஒருத்தரிடம் கொடுத்த எண்
இன்னொருத்தர் கையில் செல்லாக்காசு.

ஆனால் இந்த மாடலை எனக்குத் தெரியும்,
இவ்வளவு சாமர்த்தியம் இதற்குக் கிடையாது.
பாஸ்வேர்டு, ஸ்டிக்கரில் இருந்ததுதான்.
உள்ளே போய் வெளிமுகவரியைப் பார்க்கிறேன்:
நூறு புள்ளி எழுபத்திரண்டு.
வெளியூர்ச் சர்வர்கள் கண்டதோ நூற்றுமூன்றில் தொடங்குகிறது.

ஆக, வெளியே என்று இது நம்புவதும் உள்ளேதான்.
மேலே கம்பெனி எந்திரம் ஒன்று
இன்னொரு முறை பேர் மாற்றுகிறது.
கள்ளுக்கடை, மாட்டாஸ்பத்திரி, இந்த எடைமேடை
மூன்றும் உலகத்துக்கு ஒரே ஆள்.

எனக்கு முன்னால் வந்த பையன்
எட்டாயிரத்துக்கு வழி திறந்துவிட்டுப் போயிருக்கிறான்.
குற்றமில்லாத வேலை.
ரோட்டில் சேராமல் தோட்டத்துக்குள்ளேயே முடிகிற இட்டேரி.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"பேரு?"
வீ. நாச்சம்மாள்.
"நாச்சம்மாள் வி. அல்லே?"
ஆமாம்.
அப்பா எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.
நிலையான முகவரி வேண்டுமென்றால்
மாதம் இருநூற்றைம்பது கூட, திங்கட்கிழமைக்கு மேல்.
அதற்குள் செல்போன்
தமிழ்நாட்டு டவருக்குத் தாவி, பேச்சு அறுந்தது.

திங்கள்வரை காத்திருக்க வேண்டாம்.
வெளியாள் உள்ளே வரமுடியாது; உள்ளாள் போகலாமே.
கேமராவை நடுவிலொரு சர்வருக்குக் கூப்பிடவிட்டேன்,
சிவதாசன் போனையும் அங்கேயே வரச்சொன்னேன்.
வீட்டுக்கு அழைக்க முடியாதவர்கள்
பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வதில்லையா, அப்படி.

வட்டம் நின்றது.
பொங்கியண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
லாரி இறங்கிப்போன வெறும் பலகை
படத்தில் வெளுப்பாக நீண்டு கிடந்தது.
எண்பலகை பூஜ்யம் காட்டவில்லை.

மேசைமேலிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் சார்ஜா:
"பொங்கியண்ணா, ஆ சாக்கு எந்தினா அவிடே?"

அவர் சாக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.
நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
"பில்லு," என்றேன், "யார் பேர்ல போடறதுங்க?"